அந்த மூன்று நாளைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும் சபை நிர்வாகக் குழுவினருக்கும்,

போன மாதம் இரண்டாம் ஞாயிறு, அறிவிப்பு நேரத்தில் செயலாளர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்: "இந்த வருஷம் தஞ்சோங் பூங்கா ரிட்ரீட் கிடையாது. அதே தேதியில நம்ம மண்டபத்திலேயே ஊழியர் பயிற்சி முகாம். பொறுப்புல இருக்கிற எல்லாரும் கட்டாயம் வரணும்." அடுத்த அறிவிப்பு அந்த மாதப் பிறந்தநாள்காரர்களுக்குக் கேக் வெட்டுவதைப் பற்றியது. நான் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டு பக்கவாட்டு வாசலில் நின்றிருந்தேன். ஒரு பையன் என் கையை இழுத்து, "டீச்சர், சாக்லேட் கேக்கா?" என்று கேட்டான். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

ரிட்ரீட் என்றால் வருடத்தில் மூன்று நாள் ஒதுங்கிப் போய், மௌனமாக இருந்து ஜெபித்து இளைப்பாறுவது. ஆராதனை முடிந்ததும் செயலாளரிடம் போய் அதை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "அக்கா, ரிட்ரீட்டுனா என்னா அர்த்தம்? பின்வாங்குறது. நாமோ பின்வாங்குகிறவர்கள் இல்லைன்னு எபிரெயர்ல எழுதியிருக்கே!" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நல்ல சிலேடைதான், நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சேலையை மடிக்கும்போதுதான் கோபம் வந்தது.

அதன் பிறகு குழுவில் இரண்டு பேரிடம் நேரில் பேசினேன். ஒரு கடிதமும் கொடுத்தேன். அதற்கு வந்த பதில், வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல். அதனால்தான் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். சபையின் பெயரைப் போடவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் தங்கள் சபையின் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளலாம். பட்டர்வொர்த்தில் இருக்கும் என் நாத்தனாரும் கிள்ளானில் இருக்கும் தோழியும், "இது எங்க சபை கதை மாதிரியே இருக்கே" என்றுதான் சொன்னார்கள்.

முதலில் என் வாரத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பினாங்கு பயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 24 வருடமாக வேலை செய்கிறேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வர மேலும் இரண்டு மணி நேரம். ஷிப்ட் இல்லாத நாட்களில் சபை இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஜூமில் ஜெபம். புதன் வேதபாடம். வியாழன் பாடகர் குழுப் பயிற்சி. வெள்ளி இரவு வீட்டு ஜெபக்கூட்டம், முறை வந்தால் நம் வீட்டில், அதாவது முப்பது பேருக்குப் பலகாரமும் தேத்தண்ணியும். சனிக்கிழமை பெண்கள் ஐக்கியம், நான் அதில் பொருளாளர். ஞாயிறு காலை ஓய்வுநாள் பள்ளி, ஆராதனை, பிறகு ஏதாவது ஒரு கமிட்டி. ஓய்வுநாள் பள்ளி என்ற பெயரை எழுதும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

இந்த ஜூம் எப்படி வந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2020 மார்ச் 18, கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு. ஆலயக் கதவு மூடியிருந்தது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேறு வழியில்லை, அப்போது அது பெரிய ஆறுதலாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த ஐந்து மணி ஜெபம் இல்லாவிட்டால் அந்த வருடம் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது. ஆனால் கட்டுப்பாடு போய்விட்டது, கதவு திறந்துவிட்டது, பழைய கூட்டங்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. ஜூம் மட்டும் போகவில்லை. இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறோம்.

லீவுக் கணக்கையும் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு மலேசியச் சட்டப்படி வருடத்துக்கு 16 நாள். பெரிய வெள்ளிக்கிழமை சபாவிலும் சரவாக்கிலும் பொது விடுமுறை, இங்கே தீபகற்பத்தில் இல்லை. ஆகவே அதற்கு ஒரு நாள் போகிறது, அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை, இயேசுவுக்காக ஒரு நாள் போனால் போகட்டும். கன்வென்ஷனுக்கு மூன்று நாள், விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு நான்கு நாள், கிறிஸ்துமஸ் கீத பவனிக்கு ஒரு நாள். போன வருடம் ஒன்பது நாள் சபைக்கே போய்விட்டது. 1955-ஆம் வருட வேலைவாய்ப்புச் சட்டம் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. 2023 ஜனவரியில் இருந்து வார வேலை நேரத்தை 48 மணியில் இருந்து 45 மணியாகவும் குறைத்தார்கள். கம்பெனி லாபத்துக்காக நடப்பது. அதுகூடச் சட்டத்துக்குப் பயந்து எனக்கு ஒரு நாளை விட்டுக்கொடுக்கிறது. அந்த நாளை வாங்கிக்கொள்வது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் சொல்வது சபை வேலையை விட்டு ஓடுவதற்காக இல்லை. எல்லாம் நானாகக் கை தூக்கி எடுத்துக்கொண்ட வேலைகள்தான். வருடத்தில் அந்த மூன்று நாள் இருந்ததால்தான் மிச்ச நாட்களில் செய்ய முடிந்தது.

புதிதாகக் குழுவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அந்த ரிட்ரீட்டுக்கு வந்ததே இல்லை. வராத ஒன்றை நிறுத்துவது சுலபம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுதந்திர தினமான மெர்டேக்காவை ஒட்டி வரும் வெள்ளிக்கிழமை மாலை, கொம்தாரில் 101 பஸ் ஏறுவோம். கார் இருப்பவர்களும் பஸ்ஸில்தான் வரவேண்டும் என்பது ஆரம்பித்து வைத்த பெரியவர் போட்ட விதி. மிதக்கும் மசூதி தாண்டியதும் இறங்கி, மேடு ஏறினால் அந்த வீடு. வாடகைக்குக் கொடுப்பார்கள். ஆளுக்கு ஓர் அறை, ஓர் இரும்புக் கட்டில், ஒரு மேசை, ஒரு விசிறி. உள்ளே போனதும் கூடத்தில் ஒரு பெரிய சதுர பிஸ்கட் டின் இருக்கும். அதில் எல்லோருடைய கைப்பேசியும் போடப்படும். மூடியைப் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். வீட்டில் நோயாளி இருப்பவர்கள் மட்டும் அந்த வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வருவார்கள். முதல் இரவு அந்த அலமாரிக்குள் இருந்து குளவிக் கூடு மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். எல்லோரும் அந்தப் பக்கம் பார்ப்போம், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பேட்டரி தீர்ந்து ஒவ்வொன்றாக அடங்கிவிடும்.

வெள்ளி இரவு எட்டு மணியில் இருந்து சனி மாலை ஆறு மணி வரை பேச்சு கிடையாது. காலையில் பெரியவர் ஒரு வசனத்தை வாசித்து, பத்துப் பதினைந்து நிமிடம் பேசுவார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. மிச்ச நேரம் நம்முடையது, அல்லது நம்முடையது இல்லை, எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். சாப்பாடு கஞ்சி, பொரித்த நெத்திலி, அவித்த முட்டை. ஒரு வருடம் ஓர் அண்ணன் தாங்க முடியாமல் பின்வாசல் வழியாக இறங்கிப் போய்க் கோய்த்தியாவ் சாப்பிட்டுவிட்டு வந்தார். சட்டை வாசனை காட்டிக் கொடுத்தது. பேசக்கூடாது என்பதால் யாரும் கேட்கவும் முடியவில்லை, அவர் விளக்கம் சொல்லவும் முடியவில்லை. சனிக்கிழமை ஆறு மணிக்கு வாயைத் திறந்ததும் முதல் கேள்வி அதுதான்.

நான் முதன்முதலில் போனது 2012-ல். அம்மா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அம்மா இறந்த வீட்டில் நான் என்ன செய்தேன் தெரியுமா? வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். நாற்காலி கணக்குப் பார்த்தேன். பாடல் தாள் பிரதி எடுக்க ஆள் அனுப்பினேன். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நைட் ஷிப்ட். அந்த வாரமே ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் நாடக ஒத்திகை. "சிஸ்டர் எவ்வளவு ஸ்ட்ராங்" என்று சபையில் எல்லோரும் சொன்னார்கள். அழவில்லை என்பதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை வசனத்தைக் கேட்டுவிட்டு, பைபிளும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். சும்மா ஐந்து நிமிடம் முதுகைச் சாய்க்கலாம் என்று படுத்தேன். எழுந்தபோது நாலேகால் மணி. வெட்கமாகப் போய்விட்டது. ஜெபிக்க வந்த இடத்தில் ஆறு மணி நேரம் தூங்கியிருக்கிறேன்! ஆறு மணிக்குப் பேச்சு திரும்பியதும் நேரே பெரியவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "எலியா சூரைச்செடிக்குக் கீழ என்னம்மா செஞ்சான்? படுத்துத் தூங்கினான். தூதன் வந்து அவனைத் திட்டினானா? அடையும் தண்ணியும் குடுத்தான். சாப்பிட்டுட்டு மறுபடியும் படுத்துக்கிட்டான். அந்த மெல்லிய சத்தமெல்லாம் அதுக்கப்புறம்தான்" என்றார்.

அன்று மாலை கடல் வற்றியிருந்தது. கெத்தாப்பாங் மரத்தடியில் ஒரு சிமெண்டுப் பலகை உண்டு, அதில் போய் உட்கார்ந்தேன். சேற்றில் ஒரு மலாய்க்காரர் குனிந்து எதையோ பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை குனியும்போதும் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். அம்மாவும் அப்படித்தான் குனிவார். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது, கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்திருந்தேன். எழுந்து வந்தபோது 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' சங்கீதத்தில் அந்த 'அமர்ந்த தண்ணீர்கள்' என்ற சொல் எனக்கு வேறு மாதிரி இருந்தது. சின்ன வயதில் இருந்து ஒப்பித்து வந்த வரி அது, நானே ஐம்பது பிள்ளைகளுக்காவது மனப்பாடம் பண்ண வைத்திருப்பேன்.

போதகர் ஐயா, உங்களையும் நான் அங்கே பார்த்திருக்கிறேன். 2018-ல் கைலியும் பனியனுமாகப் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு நண்டு பொந்துக்குள் போவதையும் வருவதையும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் ஞாயிறு காலை நீங்கள் செய்த செய்தி பன்னிரண்டு நிமிடம்கூட இருக்காது. நம் சபையில் நான் கேட்ட செய்திகளில் இன்றும் மனதில் நிற்பது அதுதான். இப்போது உங்கள் திங்கட்கிழமை ஓய்வு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். மருத்துவமனை, அடக்க ஆராதனை, கட்டடக் கமிட்டி. உங்கள் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பைப் பார்க்கிறேன். இந்த மடல் உங்களுக்கு எதிராக எழுதியது என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம்.

சரி, குழு சொன்ன காரணங்களுக்கு வருகிறேன்.

முதல் காரணம் பணம். ஆளுக்கு 150 வெள்ளி (ரிங்கிட்), அதில் சபை போட்டது 50. நாற்பது பேருக்கு 2,000 வெள்ளி. போன வருடம் மேடைக்குப் பின்னால் மாட்டிய எல்.இ.டி. திரைக்கு 18,000 வெள்ளி ஆனது என்று வருடாந்தரக் கூட்டத்தில் வாசித்தீர்கள். திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பின்வரிசையில் இருக்கும் வயதானவர்களுக்குப் பாட்டு வரிகள் தெரிகின்றன, நல்லதுதான். ஆனால் பணம் இல்லை என்ற காரணம் மட்டும் வேண்டாம். முழு 150-ஐயும் நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

இரண்டாவது, "சும்மா உட்கார்ந்திருப்பதில் என்ன பிரயோஜனம், பயிற்சி என்றால் நாலு விஷயம் கற்றுக்கொள்ளலாம்." முகாமின் கால அட்டவணையைப் பார்த்தேன். காலை எட்டரையில் இருந்து இரவு ஒன்பதரை வரை. மூன்று நாளில் பதினொரு வகுப்பு. சனிக்கிழமை இரவு எட்டே முக்காலுக்குக் கடைசி வகுப்பின் தலைப்பு 'ஓய்வு என்னும் ஆசீர்வாதம்', 45 நிமிடம், ஸ்லைடுடன். யார் போட்ட அட்டவணை என்று எனக்குத் தெரியாது, தெரிந்தால் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்த் தூங்க வைத்திருப்பேன்.

மூன்றாவது, "இது கத்தோலிக்கர் பழக்கம்." கத்தோலிக்கர்கள் இதை நம்மைவிட நன்றாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. வேலையிடத்துத் தோழி ஒருத்தி ரிட்ரீட் என்று சொல்லமாட்டாள். 'ஞான ஒடுக்கம்' என்பாள். ஆமை உள்ளே இழுத்துக்கொள்கிற மாதிரி ஒரு சொல், நமக்கு வாய்க்கவில்லையே என்று பொறாமையாகக்கூட இருக்கும். இக்னேஷியஸ் லொயோலா முப்பது நாள் தியானப் பயிற்சியை வகுத்தது பதினாறாம் நூற்றாண்டில். அதற்கு ஆயிரம் வருடத்துக்கும் மேலே முந்தி எகிப்தின் பாலைவனத்துக்கு அந்தோணியார் போனார். அப்போது கத்தோலிக்கரும் நாமும் பிரிந்திருக்கவே இல்லை. நம் பக்கத்திலேயே வேண்டுமா? 1921-ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய இருவரும் புராட்டஸ்டன்டுகள். ஒருவர் தமிழர், யேசுதாசன், மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், ஃபாரஸ்டர் பேட்டன். இருவருமே மருத்துவர்கள். ஜெபமும் மௌனமும் ஒரு பக்கம், ஏழைகளுக்கு வைத்தியம் மறு பக்கம். தனித்துப் போகிறவன் ஊழியத்துக்கு லாயக்கில்லாதவன் என்று யாராவது சொன்னால் அந்த இருவரைக் காட்டலாம்.

கடைசியாக அந்தச் சிலேடை. பின்வாங்குவது பற்றி எபிரெயரில் எழுதியிருப்பது துன்பத்துக்குப் பயந்து விசுவாசத்தை விடுகிறவர்களைப் பற்றி. இயேசு செய்தது வேறு. லூக்கா ஐந்தில் பாருங்கள். அவருடைய கீர்த்தி அதிகமாகப் பரவுகிறது, திரளான ஜனங்கள் கூடுகிறார்கள். நம் சபையாக இருந்தால் உடனே இரண்டாவது ஆராதனை தொடங்கியிருப்போம். அடுத்த வசனம்: "அவரோ வனாந்தரத்தில் தனித்துப் போய், ஜெபம்பண்ணிக்கொண்டிருந்தார்."

மாற்கு ஆறையும் வாசியுங்கள். அனுப்பப்பட்ட சீஷர்கள் திரும்பி வந்து, செய்ததையும் போதித்ததையும் எல்லாம் அறிவிக்கிறார்கள், நம் வருடாந்தர அறிக்கை மாதிரி. அவர் அடுத்த திட்டத்தைக் கேட்கவில்லை. "வனாந்தரமான ஓர் இடத்தில் தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்கிறார். ஏன் என்று மாற்கே எழுதுகிறார்: வருகிறவர்களும் போகிறவர்களும் அநேகர், சாப்பிடக்கூட அவர்களுக்கு நேரமில்லை. தொழிற்சாலை பஸ்ஸில் நின்றுகொண்டே பிஸ்கட் தின்றுவிட்டு ஜெபக்கூட்டத்துக்கு ஓடி வருகிற எனக்கு, அந்த வசனத்தில் என் பெயரே எழுதியிருப்பது போல இருக்கிறது. "அந்த ஓய்வு நடக்கவே இல்லையே, ஜனங்கள் முந்திப் போய்விட்டார்களே" என்று குழுவில் ஒருவர் எனக்குச் சொன்னார். உண்மைதான். அவர்களுக்குப் போதித்தார், ஐயாயிரம் பேரைப் போஷித்தார். இன்னும் கொஞ்சம் கீழே 46-ஆம் வசனம் வரை போனால், எல்லோரையும் அனுப்பிவிட்டு அவர் ஜெபம்பண்ண மலையின்மேல் ஏறியது இருக்கிறது. சீஷர்களையும் ஜனங்களையும் தாமே அனுப்பிவைத்தார். யாரையும் இருக்கச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். என் பாட்டி நிபோங் தெபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியற்காலை இருட்டிலேயே பெரட்டு, அதாவது பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பது. கங்காணி பேர் கூப்பிடும்போது நிற்கவில்லை என்றால் அன்றைய கூலி போச்சு. மழையானாலும் பிள்ளைக்குக் காய்ச்சலானாலும் பெரட்டுக் களத்தில் பேர் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து வந்தால் தலைக்குக் குளித்துவிட்டு லயத்து வாசல்படியில் உட்காருவார். யார் என்ன கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "இன்னிக்குப் பெரட்டு இல்ல." வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார், மூடுவார், வெளியே பார்ப்பார். நான் மடியில் படுத்திருப்பேன். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வுநாளுக்கு மோசே சொல்கிற காரணம் பாட்டிக்குத் தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை நினை, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாறட்டும். ஆனால் பாட்டி அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

இப்போது செவ்வாய் காலை ஐந்து மணிக்கு ஜூமில் நுழைகிறோம். பொறுப்பாளர் பேர் கூப்பிடுகிறார். வந்தவர்களின் பட்டியல் ஆறு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வருகிறது, பெயருக்கு நேரே பச்சை டிக். வராதவர்களின் பெயருக்கு நேரே வெறும் கோடு. நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என் பெயருக்கு நேரே இருக்கும் அந்தக் கோட்டைப் பார்ப்பேன். பாட்டி நினைவுக்கு வருவார். தோட்டத்தை விட்டு நாங்கள் வந்து நாற்பது வருடம் ஆகிறது, பெரட்டு எங்களை விடவில்லை.

என் தொழிற்சாலையில் சூராவ் என்ற தொழுகை அறை இருக்கிறது. தொழுகை நேரம் வந்தால் மலாய்த் தோழிகள் லைனை விட்டுப் போய்விட்டு வருவார்கள், அந்த நேரத்துக்கு இன்னொருவர் மெஷினைப் பார்த்துக்கொள்வார், யாரும் முகம் சுளிப்பதில்லை. அடுத்த வீட்டு அக்கா தைப்பூசத்துக்கு விரதம் தொடங்கினால் ஒரு மண்டலம் தொலைக்காட்சி இல்லை, வெளிச் சாப்பாடு இல்லை, தண்ணீர்மலை ஏறி இறங்கும் வரை அவர் பேச்சே குறைந்துவிடும். சுற்றியிருக்கிறவர்கள் எல்லோரும் எப்படியோ ஒதுங்கத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நம் சபையில்தான் ஒதுங்குவதற்கு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) எடுக்கவேண்டியிருக்கிறது.

ஊரிலும் அப்படி இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. கெலாவாய் சாலையில் இருந்த செயிண்ட் ஜோசப் நவசந்நியாசி இல்லம் லசால் என்ற கத்தோலிக்கத் துறவறச் சகோதரர்களின் பயிற்சி வீடு. இடையில் பள்ளிக்கூடமாக இருந்தது, இப்போது கர்னி பாராகன் மாலின் ஒரு பகுதி. கட்டடத்தை இடிக்காமல் அழகாகவே வைத்திருக்கிறார்கள். மகளோடு போகும்போதெல்லாம் அந்த வளைவுகளுக்குக் கீழே கொஞ்சம் நிற்பேன், சுற்றிலும் தட்டும் கரண்டியுமாகச் சத்தம் கேட்கும். நகரத்தில் நிலத்துக்கு விலை இருக்கிறது, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் ஆலயத்தின் பக்கவாட்டில் இருந்த ஜெப அறைக்கு யார் விலை பேசினார்கள்? எட்டுக்குப் பத்து அடி, இரண்டு பாய், ஒரு ஜன்னல். நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் முன் பத்து நிமிடம் அங்கே உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள் என்னோடு சேர்த்து நாலைந்து பேர் உண்டு. போன ஜூனில் இருந்து அதில் டிரம் செட்டும் பழைய ஒலிபெருக்கிகளும். ஜன்னலை அடைத்து அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கிறார்கள்.

நான் கேட்பது இவைதான். ரிட்ரீட்டை ரத்துச் செய்த முடிவைத் திரும்பப் பெறுங்கள். அந்த வீட்டில் இந்தத் தேதி போயிருந்தால், கிறிஸ்துமஸ் வேலை தொடங்குவதற்கு முன், நவம்பரில் ஏதாவது ஒரு வாரக் கடைசியைப் பிடியுங்கள். அதில் வகுப்பு, ஸ்லைடு, குழு விவாதம், போட்டோ எதுவும் வேண்டாம். பயிற்சி முகாமை ஒரு நாளாகச் சுருக்கி வேறு தேதியில் வைத்தால் நானே முன்வரிசையில் உட்காருகிறேன். ஷிப்ட் வேலை செய்கிறவர்கள் வரமுடியும்படி தேதியை மூன்று மாதத்துக்கு முன்பே அறிவியுங்கள், எங்களுக்கு லீவு அப்படித்தான் கிடைக்கும்.

ஜெப அறையைக் காலி செய்யுங்கள். டிரம்மை வைக்க இடம் இல்லை என்றால் மேல்மாடிப் படிக்கட்டுக்குக் கீழே இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன், கொள்ளும். காலை ஜெபப் பட்டியலை வாட்ஸ்அப்பில் போடுவதை நிறுத்துங்கள், இது இந்த வாரமே செய்யக்கூடியது, யார் அனுமதியும் வேண்டாம். மாதத்தின் கடைசி வாரத்தில் ஞாயிறு ஆராதனை தவிர ஒரு கூட்டமும் வைக்காதீர்கள். அவசரம் என்று எதையும் அதற்குள் நுழைக்கவும் வேண்டாம். போதகர் ஐயாவின் திங்கட்கிழமையை அவருக்கே விட்டுவிடுங்கள். அடக்க ஆராதனை தவிர வேறு எதற்கும் அன்று அவரை யாரும் அழைக்கக்கூடாது என்று குழு தீர்மானமாகவே எழுதி வைக்கவேண்டும், ஏனென்றால் அவராக மறுக்கமாட்டார்.

இதற்கு ஒத்துக்கொண்டு 31 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், தாளைத் தனியாகச் செயலாளரிடம் கொடுக்கிறேன். அவர்களில் ஒன்பது பேர் ஓய்வுபெற்றவர்கள், மிச்சம் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, முடிவை எழுத்தில் தாருங்கள். கட்டைவிரல் வேண்டாம். நேரில் கேட்கவேண்டியது இருந்தால் வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு வருகிறேன். அன்று இரவு எனக்கு ஷிப்ட், பஸ் ஐந்தே முக்காலுக்கு வந்துவிடும், இரண்டு மணிக்குள் பேசி முடித்தால் கொஞ்சம் தூங்கிவிட்டுப் போவேன்.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருத்தி,
பினாங்கு